பெயர் இழந்த பிள்ளைப் படங்கள்
பினாங்குத் தமிழ்க் குடும்பங்களின் பழைய நிழற்படங்கள் பற்றிய ஓர் ஆய்வு

பினாங்கு நகரில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வீட்டில் ஒரு பழைய படம் இருக்கும். சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அது தொங்கலாம். அல்லது தகரப் பெட்டியின் அடியில், சாதகக் கட்டுக்கும் பழைய கடவுச்சீட்டுக்கும் நடுவே கிடக்கலாம். இரண்டு மூன்று வயதுக் குழந்தை ஒன்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காலில் தண்டை, கையில் காப்பு, நெற்றியில் பெரிய பொட்டு, கண்ணில் சற்றே அச்சம். பின்னால் தூணும் தோட்டமும் தீட்டிய திரை. படத்தைத் திருப்பினால் எடுத்த நிலையத்தின் முத்திரை மட்டும் மங்கலாகத் தெரியும். குழந்தையின் பெயர் இராது.

“இது யார், அப்பத்தா?” என்று பேரப்பிள்ளை கேட்டால், “உன் தாத்தாவின் தம்பி, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவதற்கு முன் எடுத்தது” என்று மூதாட்டி விடை சொல்லக்கூடும். அவ்விடை அப்படத்தில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது மூதாட்டியின் நெஞ்சில் மட்டுமே உள்ளது. அவர் மறைந்த மறுநாள் படம் அதே சுவரில் அப்படியே இருக்கும். ஆனால் அக்குழந்தை அவ்வீட்டுக்கே அயலாகிவிடும். முகத்தைக் காப்பது படம். பெயரைக் காப்பது சொல். இவ்விரண்டும் பிரிந்துபோகும் நிலை பினாங்கில் எவ்வாறு ஏற்பட்டது, அதைத் தடுக்கும் வழி யாது என்பன ஆராயத்தக்கவை.

ஒளியால் எழுதிய எழுத்து

தமிழில் இக்கலைக்குப் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. மேலைநாட்டார் வழங்கும் சொல் கிரேக்க மொழியினின்று பிறந்தது. ‘ஒளியால் எழுதுவது’ என்பது அதன் பொருள். 1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுத் தாகேர் என்பவரின் முறை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆங்கில அறிஞர் ஜான் ஹெர்ஷல் அச்சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தார். 1851இல் ஆர்ச்சர் என்பார் கண்ணாடித் தகட்டில் ஈரப்பசையான மருந்தைப் பூசிப் படம் எடுக்கும் முறையைக் கண்டார். ஒரு கண்ணாடியிலிருந்து எத்தனை தாள்களுக்கு வேண்டுமானாலும் படி எடுக்கலாம் என்பது இதன் சிறப்பு. 1854இல் பாரிசு நகரத்துத் திஸ்தேரி என்பவர் ஒரே தகட்டில் பல சிறுபடங்களை எடுத்து, ஏறத்தாழ 6 செண்டிமீட்டர் அகலமும் 9 செண்டிமீட்டர் உயரமும் கொண்ட அட்டைப் படங்களாக்கும் முறைக்கு உரிமை பெற்றார். படத்தின் விலை குறைந்தது. அஞ்சல் உறையில் வைத்து அனுப்பவும் முடிந்தது. குடும்பப் படம் என்னும் வழக்கம் உலகெங்கும் பரவியதற்கு இவ்விரண்டும் பெருங்காரணங்கள்.

பினாங்கில் இக்கலையின் தொடக்கக் காலத்திலேயே தமிழர் கைபட்டிருக்கிறது என்பது பலர் அறியாத செய்தி. எடின்பரோ நகரில் பிறந்த ஜான் தாம்சன் (1837–1921) என்னும் படக்கலைஞர் 1862இல் சிங்கப்பூர் வந்து, பினாங்கிலும் அதற்கு எதிர்க்கரையான வெல்லெஸ்லி மாகாணத்திலும் பத்து மாதங்கள் தங்கிப் படம் எடுத்தார். பின்னாளில் 1875இல் வெளியான தம் பயண நூலில், பினாங்கில் மதராஸ்காரர் இருவரைப் பயிற்றித் தமக்குத் துணையாகவும் படி அச்சிடுபவராகவும் வைத்துக்கொண்டதாக அவர் குறிப்பிடுகிறார். சீனர்கள் இதைப் பேயின் வேலை என்று கருதி ஒதுங்கினராம். அவ்விருவரையும் ‘கிளிங்’ என்ற அக்காலப் பெயராலேயே அவர் சுட்டுகிறார். கடலோடிவந்த தென்னிந்தியரைக் குறிக்க மலாய் நாட்டில் வழங்கிய அச்சொல் பிற்காலத்தில் இழிவுப் பொருள் ஏறி வழக்கொழிந்து வருகிறது.

மருந்து பூசிய கண்ணாடி காயும் முன் படம் எடுத்து, காயும் முன் இருட்டறையில் கழுவி, பின்னர் வெயிலில் தாளை வைத்துப் படி எடுக்கவேண்டிய நுட்பமான தொழில் அது. பினாங்கின் வெப்பத்தில் அதைச் செய்து காட்டியவர்கள் தமிழகக் கரையிலிருந்து வந்த இருவர். எத்தனையோ பேரின் முகத்தைத் தாளில் நிலைநிறுத்திய அவர்களுடைய சொந்தப் பெயர் வரலாற்றில் நிலைபெறவில்லை. இக்கட்டுரையின் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறில்லை எனலாம்.

குழந்தை ஏன் சிரிக்கவில்லை?

பழைய படங்களில் குழந்தைகள் சிரிப்பதில்லை, விறைத்து நிற்கின்றன. இதைக் கண்டு அக்காலக் குழந்தைகள் மகிழ்ச்சியற்றவர்கள் என்று எண்ணுவது பிழை. ஈரத்தகட்டுக் காலத்தில் ஒரு படத்திற்குப் பல நொடிகள் அசையாமல் இருத்தல் வேண்டும். பெரியவர்களுக்கே தலையின் பின்னால் இரும்புப் பிடி வைத்தார்கள். குழந்தை அசைந்தால் கையோ முகமோ புகைபோல் கலைந்துவிடும். அதனால் மேலைநாடுகளில் தாயைத் துணியால் மூடி நாற்காலிபோல் அமரச்செய்து, அவள் மடியில் குழந்தையை வைத்துப் படம் எடுப்பதும் உண்டு. அப்படங்களை உற்று நோக்கினால் துணிக்கடியிலிருந்து நீளும் ஒரு கை தென்படும். பிள்ளையின் முகம் தெளிவாக விழத் தாயின் முகம் மறைந்தது.

1871இல் மேடாக்ஸ் என்னும் மருத்துவர் உலர்தகட்டு முறையை வெளியிட்டபின் இத்துன்பம் படிப்படியாகக் குறைந்தது. 1888இல் ஈஸ்ட்மனின் கோடக் கருவியும், 1900இல் ஒரு டாலர் விலைக்கு வந்த பிரௌனி கருவியும் படக்கலையை நிலையத்திலிருந்து வீட்டு முற்றத்திற்குக் கொண்டுவந்தன. ஆயினும் பினாங்குத் தமிழருள் பெரும்பாலோர்க்குச் சொந்தக் கருவி என்பது நெடுநாள் எட்டாத பொருளே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காவுல்ஃபஸ் என்னும் ஜெர்மானியர் பினாங்கில் நிலையம் நடத்தினார். அடுத்த தலைமுறையில் இத்தொழில் பெரிதும் சீனர் கைக்கு வந்தது. பேய்வேலை என்று ஒதுங்கியதாகத் தாம்சன் குறித்த அச்சமூகமே பின்னர் இக்கலையில் தலைசிறந்து விளங்கியது. தமிழ்க் குழந்தையைச் சீனக் கலைஞர் மலாய்மொழியில் சிரிக்கச் சொல்லி எடுத்த படங்களே பினாங்கின் தமிழ் வீடுகளில் பல.

கடல் பிரித்தது, படம் இணைத்தது

1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடி நாட்டிய சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரைத் தமிழர்கள் இங்கே பெருகினர். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பகுதிகளின் மரக்காயர்கள், இராமநாதபுரச் சீமையினர், நாட்டுக்கோட்டை நகரத்தார், துறைமுகத் தொழிலாளர் எனப் பலரும் வந்தனர். சூலியா தெருவும், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், நாகூர் தர்காவும், 1833இல் எழுந்த குயீன் தெரு மகாமாரியம்மன் கோயிலும் அவர்களுடைய வேர்களைக் காட்டுவன.

வந்தவர்களிற் பெரும்பாலோர் ஆடவர். மனைவியும் மக்களும் ஊரில் இருந்தனர். நகரத்தாரின் கடைகளில் முகவர்கள் மூன்றாண்டுத் தவணையில் வந்து திரும்புவது முறை. தவணை நடுவே ஊரில் பிள்ளை பிறந்தால், தந்தை அதன் முகத்தை முதலில் காண்பது தாளில்தான். அதுபோலவே, இங்கே பிறந்த பேரனை ஊரிலிருந்த பாட்டி கண்டதும் தாளில்தான். 1926 முதல் 1970களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என ஓடிய ‘ரஜூலா’ கப்பல் ஆட்களை மட்டும் சுமக்கவில்லை. அஞ்சல் பைகளில் இப்படங்களையும் சுமந்தது எனலாம். அதற்குப்பின் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலின் பயணமும் 1980களின் நடுவில் முடிவுற்றது. ஒரே படத்தின் இரு படிகள் கடலின் இரு கரையிலும் இருப்பதன் காரணம் இதுவே. பினாங்குப் பெட்டியில் பெயரற்றுக் கிடக்கும் குழந்தையின் மற்றொரு படி, தமிழ்நாட்டு வீடு ஒன்றில் பின்புறம் பெயரோடு இருத்தல் கூடும்.

போர்க்காலம் இப்படங்களுக்கு வேறொரு பொருளைத் தந்தது. 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு வீசின. அம்மாதமே தீவு ஜப்பானியர் வசமாயிற்று. கப்பலும் கடிதமும் நின்றன. மலாயாவின் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மீளாமல் மாண்டனர். அங்கே கல்லறை காணாத தந்தையரை, மடியில் பிள்ளையோடு அமர்ந்து எடுத்த ஒரு படத்தில் மட்டுமே பின்னர் அவர்தம் மக்கள் கண்டனர். பண்டைத் தமிழர் போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுத்து அதில் பெயரும் செயலும் பொறித்தனர். இம்மக்களுக்கு நடுகல் இல்லை, படம் இருந்தது. அதிலும் பெயர் பொறிக்கப்படவில்லை.

பெயரின்மை இருவகை

பினாங்கின் பழைய குழந்தைப் படங்களை இருவகையாகப் பிரிக்கலாம். ஒன்று, விற்பனைக்கு எடுத்தவை. 1900ஆம் ஆண்டையொட்டி அஞ்சலட்டைப் படங்கள் பெருவழக்காயின. கப்பலில் வந்திறங்கிய வெள்ளையர், ஊர்க்காட்சிகளோடு ‘தமிழர் குழந்தைகள்’, ‘மலாய்க் குழந்தைகள்’ என்று அச்சிட்ட அட்டைகளையும் வாங்கித் தம் நாட்டிற்கு அனுப்பினர். அவற்றில் இனத்தின் பெயர் உண்டு. ஆளின் பெயர் இல்லை. வாங்குபவனுக்கு அது தேவைப்படவில்லை. மற்றொன்று, வீட்டார் விரும்பி எடுத்தவை. அவற்றிலும் பெயர் இல்லை. ஏனெனில், அது யார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை எவரும் எழுதுவதில்லை.

ஆகவே ஒன்று அன்பின்மையால் பெயர் எழுதாத படம். மற்றொன்று அன்பின் மிகுதியால் பெயர் எழுதாத படம். எடுத்த நாளில் இவ்விரண்டிற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை. நூறாண்டு கழிந்தபின் வேற்றுமை இல்லை. இரண்டும் பழம்பொருட் கடையில் ஒரே பெட்டியில், ஒரே விலைக்கு, ‘பழைய தமிழ்க் குழந்தை’ என்ற ஒரே பெயரில் கிடக்கும். வீட்டார் எழுதாமல் விட்டது, அக்குழந்தையை அஞ்சலட்டைக் குழந்தையாக்கிவிடுகிறது. இதுவே இப்பொருளில் கருதத்தக்க இழப்பாகும்.

பினாங்கில் இவ்விழப்பை விரைவுபடுத்திய காரணம் ஒன்றுண்டு. பழைய நகரத்தின் கடைவீடுகள் பல்லாண்டுகள் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் இருந்தன. குறைந்த வாடகையில் மூன்று நான்கு தலைமுறைகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தன. அச்சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கட்டுப்பாடு முடிவுற்றது. வாடகை உயரவே, குடும்பங்கள் பல அடுக்குமாடி வீடுகளுக்கும் புறநகருக்கும் பெயர்ந்தன. உயரமான பழஞ்சுவரிலிருந்து இறங்கிய படங்களுக்குப் புதிய சிறுவீட்டில் இடமில்லை. 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. கட்டடங்களுக்குக் காவல் கிடைத்தது. கட்டடத்திலிருந்து வெளியேறிய பெட்டிகளுக்குக் கிடைக்கவில்லை.

இங்கே மற்றொரு செய்தியையும் ஒப்பிட்டு நோக்கலாம். 2012இல் லித்துவேனிய நாட்டு ஓவியர் எர்னெஸ்ட் சகாரெவிச் ஆர்மீனியன் தெருச் சுவரில், மிதிவண்டியில் செல்லும் அக்காள் தம்பி இருவரைத் தீட்டினார். உள்ளூர்ச் சிறுவர் இருவரை எடுத்த நிழற்படமே அதற்கு மூலம். இன்று அதன்முன் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத பயணிகள் அரியர். வெயிலிலும் மழையிலும் வண்ணம் மங்கியபோது 2016இல் அது புதுப்பிக்கவும் பட்டது. சுவரில் உள்ள குழந்தையின் வண்ணம் மங்கினால் ஊர் கவலைப்படுகிறது. பெட்டியில் உள்ள குழந்தையின் பெயர் மங்கினால் வீட்டார்தாம் கவலைப்பட வேண்டும்.

படத்தைப் படிக்கும் முறை

சொல்வார் இல்லாத படத்தையும் ஓரளவு படித்தறிய முடியும். இதற்குத் தமிழ் இலக்கியப் பயிற்சியே துணைசெய்யும் என்பது வியப்பிற்குரியது. பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கிறது. பொதுவாக, ஐந்தாம் திங்களில் செங்கீரை: குழந்தை ஒருகால் மடக்கி, கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும். ஒன்பதாம் திங்களில் சப்பாணி: அமர்ந்து கைகொட்டும். பதின்மூன்றாம் திங்களில் வருகை: தளர்நடை இடும். நிலையங்களில் கைக்குழந்தையைக் குப்புறக் கிடத்தித் தலைநிமிரச் செய்து எடுத்த படம் செங்கீரைப் பருவப் படமன்றோ? நாற்காலியைப் பற்றி நிற்பது வருகைப் பருவத்தையொட்டியதன்றோ? குழந்தையின் அகவையை இவ்வாறு மதிப்பிட்டால், பிறந்த ஆண்டுக்கும் படம் எடுத்த ஆண்டுக்கும் உள்ள இடைவெளி புலப்படும்.

அணிகலன்களும் பேசும். பழந்தமிழ் நூல்கள் கூறும் ஐம்படைத்தாலி, சங்கு, சக்கரம், வில், வாள், தண்டு ஆகிய திருமாலின் ஐந்து படைகளின் வடிவமைத்துக் குழந்தையின் காவலுக்கு அணிவித்தது. அதன் வழிவந்த தாயத்தும் அரைஞாணும் பழைய படங்களில் காணலாம். மழித்த தலையில் சந்தனம் பூசிய குழந்தையாயின், தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் சென்று முடியிறக்கிய நாளாக இருக்கலாம். மாலையும் தலைப்பாகையும் அணிந்த முஸ்லிம் சிறுவனாயின், சுன்னத்துச் சடங்கு நாளாக இருக்கலாம். சீருடை அணிந்து அணிவகுத்த சிறுவராயின், 1943–45இல் மலாயாவில் இயங்கிய இந்திய விடுதலை இயக்கத்தின் பாலசேனையினரோ என்று ஆராயலாம். நிலைய முத்திரையில் ‘நீரிணைக் குடியேற்றங்கள்’ என்ற பெயர் காணப்படின், அந்த ஆட்சியமைப்பு 1946இல் கலைக்கப்பட்டதாதலின் படம் அதற்கு முற்பட்டதாகலாம்.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். பூச்சடை பின்னி, பாவாடை உடுத்தி, பின்னல் தெரியும்படி கண்ணாடியின் முன் நிறுத்தி எடுத்த ‘பெண்குழந்தை’ பல வீடுகளில் ஆண்குழந்தையே. முதல்முடி இறக்குமுன் ஆண்மகவுக்குப் பெண்கோலம் இட்டு மகிழ்ந்து படமெடுப்பது தமிழர் வழக்கம். அதை அறியாதவர், தம் பெரியப்பாவையே ‘சிறுவயதில் இறந்த அத்தை’ என்று எண்ணிவிடுவர்.

நினைவும் முழுதும் நம்பத்தக்கதன்று. 2002இல் வெளியான உளநூல் ஆய்வொன்றில், வெப்பக்காற்றுப் பலூனில் சிறுவயதில் பறந்ததுபோல் பொய்யாக ஒட்டித் தயாரித்த படத்தை இருபது பேரிடம் காட்டினர். அவர்களுள் எவரும் அவ்வாறு பறந்ததில்லை. எனினும் சில சந்திப்புகளுக்குள் பத்துப் பேர் அந்நிகழ்ச்சியை முழுமையாகவோ பகுதியாகவோ ‘நினைவுகூர்ந்தனர்’. படம் நினைவைக் காப்பது போலவே, நினைவைப் படைக்கவும் வல்லது. ஆதலின் ஒரு படத்தைப் பற்றி ஒருவர் சொல்வதோடு அமையாமல், மற்றொரு முதியவரைத் தனியே கேட்டு ஒப்பிடுதல் நன்று.

செய்யத்தக்கவை

பினாங்கின் காற்றில் ஈரம் மிகுதி. பூஞ்சணமும் வெள்ளிப்பூச்சியும் படத்தின் பகைவர். கீழ்வரும் முறைகள் பொருட்செலவின்றிக் கைக்கொள்ளத்தக்கன.

முதலாவது, பெயர் எழுதுதல். பழைய தாள் படத்தின் பின்புறம், ஓரத்தில், மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதவேண்டும். பந்துமுனைப் பேனாவின் மை ஊறும். அழுத்தமும் முன்பக்கம் தெரியும். பின்புறம் வழவழப்பான பிற்காலப் படங்களில் பென்சில் பற்றாது; அவற்றை உறையில் இட்டு உறைமேல் எழுதலாம். பெயரோடு உறவுமுறையும் ஊரும் எழுதுக. ‘தாத்தா’ என்று மட்டும் எழுதினால், யாருக்குத் தாத்தா என்பது அடுத்த தலைமுறைக்கு விளங்காது.

இரண்டாவது, கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தெடுக்கலாகாது. முகமே கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு வைத்தே படி எடுக்க வேண்டும். பசைத்தாள் கொண்ட தொகுப்பேடுகளும் தீங்கு செய்வன.

மூன்றாவது, வண்ணப் படங்களை முதலில் படி எடுத்தல். கருப்பு வெள்ளைப் படங்கள் நூறாண்டு நிற்க, 1960, 1970களின் வண்ணப் படங்கள் இருட்டில் இருந்தாலும் நிறம் மாறுகின்றன. கணினிப் படியைக் குறைந்தது இரண்டு இடங்களில் வைத்தல் வேண்டும். பெயரற்ற கணினிப் படியும் பெயரற்ற படமே என்பதை மறத்தலாகாது.

நான்காவது, கேட்டல். தமிழாசிரியர்கள் இதை ஒரு கட்டுரைப் பயிற்சியாகவே அமைக்கலாம். மாணவர் ஒவ்வொருவரும் வீட்டுப் படம் ஒன்றைத் தெரிந்துகொண்டு, வீட்டு முதியவரிடம் ஐந்து வினாக்கள் கேட்டுவர வேண்டும். படத்தில் இருப்பவர் யார்? எங்கே எடுத்தது? எதற்காக எடுத்தது? யாருக்கு அனுப்பினார்கள்? படத்தில் இருக்கவேண்டியவருள் இல்லாதவர் யார்? ஐந்தாம் வினாவே அரிய விடைகளைத் தரும். கடலுக்கு அப்பால் இருந்த தந்தை, துணிக்குப் பின்னிருந்த தாய், பிள்ளையைத் தூக்கிவந்து வாசலிலேயே நின்றுவிட்ட பணிப்பெண் ஆகியோர் அவ்விடையில்தான் வருவர். விடையை மாணவர் தம் கையால் எழுதும்போது பேச்சுத்தமிழ் எழுத்துத்தமிழாகிறது; வீட்டு நினைவு சான்றாகிறது.

தாம்சனிடம் தொழில் கற்ற இருவரின் பெயரை இனி மீட்க இயலாமற் போகலாம். அஞ்சலட்டைக் குழந்தைகளின் பெயரும் அவ்வாறே. ஆனால் வீட்டுச் சுவரில் உள்ள குழந்தையின் பெயரை அறிந்தவர் ஒருவர் இன்னும் அதே வீட்டில், பக்கத்து அறையில், மாலைத் தேநீர் அருந்திக்கொண்டிருக்கக்கூடும். அவரிடம் படத்தை எடுத்துச்செல்ல ஒரு நாற்காலி போதும். எழுதிவைக்க ஒரு பென்சில் போதும்.